மூவாயிரத்து நாற்பத்து மூன்றில் ஒருத்தி

அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் கை வேலையில் ஓடவில்லை. கோகோ உலர்த்தும் கொட்டகையில் அடுப்பு அணைந்து கிடந்தது. பெண்கள் பாதி கசக்கிய துணிகளை ஆற்றுக் கல்லின்மேல் அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஊரே பொனிஃபாஸின் லாரியைச் சுற்றி நின்றது. லாரியின் முன்மூடியின்மேல் ரேடியோ. அதற்கு மூன்று பாட்டரிக்கட்டை வேண்டும். கடையில் இரண்டுதான் இருந்தது என்று மூன்றாவதைக் மாதாகோவில் டார்ச்சிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். சாமியாரைக் கேட்டுக்கொண்டுதான் கழற்றினார்களா என்று யாரும் விசாரிக்கவில்லை.

புகன்வில் தனி நாடாக வேண்டுமா, அல்லது பப்புவா நியூ கினியோடு இருந்துகொண்டே கூடுதல் அதிகாரம் வாங்கிக்கொண்டால் போதுமா? சீட்டில் இரண்டு கட்டம். ஒன்றாவது கட்டம் கூடுதல் அதிகாரத்துக்கு, இரண்டாவது தனி நாட்டுக்கு. பத்து வருடம் சண்டை, சமாதான ஒப்பந்தம், அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் காத்திருப்பு, அப்புறம்தான் அந்தச் சீட்டு கைக்கு வந்தது. முடிவு என்னவாக இருக்கும் என்று இங்கே பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்துதான் விடிந்ததும் பன்றியை அடித்து, இலையில் சுற்றி, சூட்டுக் கல்லுக்கு நடுவே வைத்து மூடியும் ஆகிவிட்டது. இருந்தாலும் காதால் ஒருதரம் கேட்க வேண்டுமே!

லுட்வினா மட்டும் எல்லோருக்கும் பின்னால், சீமைப்பலா மரத்தடியில் நின்றாள். முன்னால் நிற்க வேண்டியவள் அவள். பன்றியை அடித்ததில் பாதி அவளுக்காகத்தான். அவளுக்கோ காலையிலிருந்து ஒரு கவளம் இறங்கவில்லை.

லுட்வினா கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரி, பப்புவா நியூ கினியின் பெரிய தீவில் செப்பிக் ஆற்றங்கரை. இருபத்து மூன்று வயதில் அராவா ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்தாள். எங்கள் ஊர் செவெரின் விரலில் கத்தி வெட்டிக்கொண்டு கட்டுப்போடப் போனான். காயம் ஆறிய பிறகும் இரண்டு மாதம் கட்டு மாற்றப் போய்க்கொண்டே இருந்தான். கடைசியில் அவளையே கட்டிக்கொண்டு வந்துவிட்டான். எங்களுக்கு அடுப்புக்கரி போலக் கறுத்த தோல்தான் அழகு. அவள் நிறம் கொஞ்சம் மட்டு. அதனால் 'சிவத்தவ' என்று அன்றைக்கு விழுந்த பெயர் முப்பத்தைந்து வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சண்டை வந்தது. அவள் தேசத்து ஆட்கள் எல்லோரும் கப்பலேறிப் போனார்கள், அவள் ஏறவில்லை. அவள் தேசத்துச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து இறங்கினார்கள். அப்போது எங்கள் பையன்கள் சிலர் கோபம் தலைக்கேறி, இவளையும் துரத்த வேண்டும் என்று வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுத் தியோனிலாதான் வெட்டுக்கத்தியோடு குறுக்கே வந்து நின்றாள்.

"இவ மேல கை வைக்கிறவன் எவனோ, அவன் இனிமே என் வீட்டுச் சேம்பைத் தின்ன வேண்டாம். போங்கடா!" என்றாள். தியோனிலாவின் சேம்பைத் தின்று வளராத பையன் அந்தக் கூட்டத்தில் ஒருவனும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த வருடமே தியோனிலாவின் ஒரே மகன் அலோயிஸ் தொடையில் குண்டு வாங்கிக்கொண்டு வந்தான். கடலைச் சுற்றி முற்றுகை, ஒரு மாத்திரைகூட உள்ளே வராத காலம். லுட்வினா இலை கொதித்த தண்ணீரில் காயத்தைக் கழுவினாள். மூன்று நாள் கண்மூடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான்காவது நாள் அவள் மடியிலேயே பையன் போய்விட்டான். பத்தொன்பது வயது. எங்கிருந்து வந்தவர்கள் சுட்ட குண்டு என்று தியோனிலா அதற்குப் பிறகு ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

ரேடியோ கரகரவென்றது. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதலில் ஒன்றாவது கட்டத்தின் எண்ணிக்கையைச் சொன்னார்கள்: மூவாயிரத்து நாற்பத்து மூன்று. அவ்வளவுதான், அடுத்த எண்ணைக் கேட்க யாருக்குப் பொறுமை! ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் என்று ஆரம்பித்தது பாதியிலேயே கூச்சலில் மூழ்கிவிட்டது.

என்னென்ன செய்தார்கள் என்று சொல்லி மாளாது. மூங்கில் குழல்காரர்கள் ஆளுக்கொரு பாட்டை ஊதினார்கள். பெண்கள் முட்டிபோட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்து, மூன்றாவது வரியில் எல்லோரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். காட்டில் எட்டு வருடம் துப்பாக்கி தூக்கிய பொனிஃபாஸ் லாரிக்குள் ஏறி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கினான். நெற்றி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது. அது பாட்டுக்கு அலறியது, ஒருத்தரும் எடுக்கச் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரைப் பார்த்தும் சிரித்தறியாத பங்க்ராஸ் பெரியவர், கைத்தடியை எறிந்துவிட்டு இரண்டு சுற்று ஆடினார். அப்புறம் தடி எங்கே என்று அவரே தேடினார்.

தியோனிலா ஆடவும் இல்லை, அழவும் இல்லை. தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அலோயிஸ்கிட்ட போய்ச் சொல்லலையா?" என்று யாரோ கேட்டார்கள். அதற்குள் பாதி ஊர் பூவும் கையுமாகக் கல்லறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது, செத்தவர்களுக்குச் சேதி சொல்ல.

"சொல்லுவேன். அவன் எங்க ஓடிடப் போறான்? முதல்ல இங்க காரியம் முடியட்டும்" என்றாள் தியோனிலா. திரும்பி, மரத்தடியில் நின்ற லுட்வினாவைப் பார்த்துச் சிரித்தாள். லுட்வினா மரத்துக்குப் பின்னால் ஓர் அடி நகர்ந்தாள்.

காரியம் இதுதான். எங்கள் பக்கத்தில் குலமும் நிலமும் தாய்வழி. செவெரின் கழுகுக் குலம். அவன் நிலம் அவன் சகோதரிகளின் பிள்ளைகளுக்குத்தான் போகும், பெற்ற மகளுக்கு இல்லை. லுட்வினாவுக்கு இங்கே குலம் கிடையாது, ஆகவே அவள் மகள் ஓடிலியாவுக்கும் கிடையாது. ஓடிலியா அப்பன் நிலத்தில் நானூறு கோகோக் கன்று வைத்திருக்கிறாள், இரண்டு பிள்ளைகள் வேறு. செவெரின் கண்ணை மூடுகிற அன்றைக்கு அந்தச் சகோதரிகளின் பெண்கள் வந்து, "நல்லா வளத்துட்ட, கிளம்பு" என்றால் அவள் கிளம்ப வேண்டியதுதான். தியோனிலா இருவாட்சிப் பறவைக் குலம். ஆற்றிலிருந்து மலைமுகடு வரைக்கும் நிலம், எடுத்துக்கொள்ள ஒரு பெண் வாரிசு இல்லை. அவள்தான் போன மாதம் சொன்னாள்: தனி நாடு என்று முடிவு வருகிற நாளில் லுட்வினாவைத் தன் கூடப்பிறந்த தங்கையாகக் குலத்தில் சேர்த்துக்கொள்வது என்று. புது நாட்டில் இவள் ஒருத்தி அந்நியக்காரியாக நிற்கக் கூடாதாம்.

"எங்க கழுகுலயே சேத்துக்கலாமே" என்று செவெரின் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"சேத்துக்கோ. அப்புறம் அவ உனக்குத் தங்கச்சி. நீ மாட்டுக்கொட்டாய்லதான் படுக்கணும்" என்றாள் தியோனிலா.

"நம்ம ஊர்ல மாடே இல்லையே."

"அதான் சொல்றேன், படுக்க இடமே இருக்காது உனக்கு!"

சேர்த்துக்கொள்வதில் பெரிய சடங்கெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு பச்சைப் பாக்கை இரண்டாகப் பிளந்து, வெற்றிலைக் கொடியின் காயும் சுண்ணாம்பும் சேர்த்து இரண்டு பேரும் ஊரறிய மெல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வயிற்றைக் காலி செய்ய வேண்டும். கோபமோ, பொறாமையோ, மறைத்ததோ, எங்களுக்கு எல்லாம் வயிற்றில்தான் தங்கும். அதைச் சொல்லாமல் மென்றால் அந்தப் பாரம் பிள்ளைமேல் இறங்கிவிடும் என்பது இங்கே ஒருத்தரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாத விஷயம். நர்ஸாக இருந்தவள்தான் லுட்வினா, ஆனாலும் முப்பத்தைந்து வருடம் இங்கே இருந்துவிட்டாள். அவளும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் வயிற்றில் இருந்தது இரண்டு வாரத்துச் சங்கதி. ஓட்டுப்போடும் நாளில் ஊரோடு பாடிக்கொண்டுதான் போனாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று சீட்டை விரித்தாள். இரண்டாவது கட்டம் என்றுதான் நினைத்திருந்தாள், கை ஒன்றாவதில் போய்க் குறித்துவிட்டது. வெளியே வந்து, சுண்டுவிரல் மையைத் தூக்கிக் காட்டி, எல்லோரோடும் சேர்ந்து ஆடினாள். பெட்டிகளையெல்லாம் தலைநகர் புக்காவில் ஒன்றாகக் கலந்துதான் எண்ணப்போகிறார்கள், எந்த ஊரில் யார் எதில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவே தெரியாது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் பதினான்கு நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது கூச்சல் கொஞ்சம் அடங்கியதும், லாரியிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிய பொனிஃபாஸ் அதையே பிடித்துக்கொண்டான்.

"எல்லாம் சரி. யார்றா அந்த மூவாயிரத்து நாப்பத்து மூணு பேரு?"

"உன் மச்சான் வீட்டுலயே நாப்பத்து மூணு பேர் இருப்பானுங்க!"

"டேய், எங்க வீட்டுக் கோழிகூட ரெண்டுலதான் போட்டுது!"

"புக்காக்காரனுங்களாத்தான் இருக்கும். ஆபீஸ்ல உக்காந்து டீ குடிக்கிறவனுங்க."

"எவனா இருந்தாலும் கைல கிடைக்கட்டும், இந்த லாரியில கட்டி அராவா வரைக்கும் ஊர்வலம் விடறேன்" என்றான் பொனிஃபாஸ். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லுட்வினாவும் சிரித்தாள். சிரித்த வாய் வறண்டுபோய் உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது.

வாழையிலை விரித்தார்கள். ஒரு பக்கம் தியோனிலா, எதிரே லுட்வினா. தியோனிலாவின் தாய்மாமன் பங்க்ராஸ் பெரியவர் நடுவில் உட்கார்ந்து பாக்கைப் பிளந்தார். ஓடிலியா சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். புதுத் துணி உடுத்தியிருந்தாள். காலையிலிருந்தே அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

"ரெண்டு பேரும் வயித்துல இருக்கிறதைக் கொட்டிடுங்க. மூத்தவ முதல்ல" என்றார் பெரியவர்.

தியோனிலா தொண்டையைச் செருமினாள். "ரெண்டு வருஷம் முன்னாடி இவளோட கறுப்புக் கோழி காணாமப் போச்சு. ஊரெல்லாம் தேடினா பாவம், நானும் கூடவே தேடினேன். அதைத் தின்னது நான்தான்."

"அடிப் பாவி!" என்று லுட்வினா தன்னை மறந்து கத்த, ஊர் கொல்லென்று சிரித்தது.

"என் தோட்டத்துல வந்து கீறுச்சு, தின்னேன். நல்லா இருந்துச்சு." தியோனிலா சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் இருக்கு. என் புள்ள செத்தானே, அன்னிக்கு இவ அவனைத் துடைச்சுப் படுக்க வச்சுக்கிட்டு இருந்தா. அப்போ நான் நினைச்சேன், இவளும் அந்த ஊர்க்காரிதானே, இவளையும் வெட்டிப் போட்டா என்னன்னு. ஒரே ஒரு தரம்தான் நினைச்சேன். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வச்சிருந்தேன் அதை. அவ்வளவுதான், என் வயிறு காலி."

பெரியவர் லுட்வினாவைப் பார்த்தார்.

அவள் ஒன்று யோசித்து வைத்திருந்தாள். தியோனிலாவின் மண்வெட்டிக் காம்பை உடைத்துவிட்டு எலி கடித்தது என்று சொன்னதை. அதைச் சொன்னால் போதும். ஊர் சிரிக்கும், பாக்கு கைக்கு வரும், நிலம் மகளுக்கு வரும். ஆனால் இவ்வளவையும் கொட்டிவிட்டு ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாளே! பின்னால் மகளின் இடுப்பிலிருந்து சரிந்த பேரப்பிள்ளை அவள் முடியைப் பிடித்து இழுத்தது. அதன் கையை மெல்ல விடுவித்தாள்.

"அக்கா, நான் ஒண்ணுல போட்டேன்" என்றாள்.

"என்னது?"

"ஓட்டு. ஒண்ணாவது கட்டத்துல போட்டேன். அந்த மூவாயிரத்து நாப்பத்து மூணு பேர்ல நான் ஒருத்தி."

குழல் ஊதிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். "பாத்தியா, சிவத்தவ புத்தியைக் காட்டிட்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஓடிலியாவின் முகம் செத்துப்போனது. "அம்மா, என்னம்மா இது?" என்று முணுமுணுத்தாள்.

"ஏன்டி?" தியோனிலா கேட்டது அது ஒன்றுதான்.

"ரெண்டுல போடத்தான் போனேன், சத்தியமா. எங்கம்மா அங்க மண்ணுக்குள்ள இருக்கா அக்கா. அவ செத்தப்போ இங்க முற்றுகை, கப்பல் இல்லை. செத்துட்டான்னு கடுதாசி வரவே எட்டு மாசம் ஆச்சு. இன்னிக்கு வரைக்கும் அவ தலைமாட்டுல நான் ஒரு பூ வச்சதில்லை. அந்தச் சீட்டைப் பாத்ததும், எங்கம்மா எனக்கு வேற நாட்டுக்காரின்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுக்கற மாதிரி இருந்துச்சு. கை வரல. என்னால முடியல." லுட்வினா அழுதுவிட்டாள். "உங்க நிலம் வேண்டாம் அக்கா. வயித்துல வச்சுக்கிட்டு உங்ககூட மெல்லறதுக்கு மட்டும் என்னால ஆகாது."

தியோனிலா எழுந்தாள். தலைத்துணியை உதறித் தோளில் போட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லறைப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

பிளந்த பாக்கு இலையில் கிடந்தது. யாரும் கிட்டே வரவில்லை. பன்றி வேகிற வாசனை மட்டும் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. செவெரின் வந்து பெண்டாட்டிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்படி?"

"ஓட்டுப் போட்டுட்டு வந்ததுலேருந்து நீ சமையல்ல உப்பே போடலை. கல்யாணம் ஆன வருஷம் உங்கம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு சேதி வந்தப்போ இப்படித்தான் ஒரு வாரம் உப்பில்லாம தின்னேன்."

"ஏன் கேக்கலை நீங்க?"

"கேட்டா சொல்லிடுவே. சொன்னா அழுவே. எதுக்கு, உப்பில்லாமலே தின்னுக்கலாம்னு விட்டுட்டேன்." அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். மகளும் வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தாள். நிலத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ. தியோனிலா திரும்பி வந்தபோது முழங்காலெல்லாம் மண்ணாக இருந்தது. கண் சிவந்திருந்தது. விட்டுப்போன இடத்திலேயே வந்து உட்கார்ந்தாள்.

"அலோயிஸ்கிட்ட முடிவைச் சொன்னேன்" என்றாள். "அப்புறம் நீ போட்டதையும் சொன்னேன். நான் அவனுக்காகப் போட்டேன்டி, ரெண்டாவது கட்டத்துல அவன் முகம்தான் தெரிஞ்சுது எனக்கு. நீ உங்கம்மாவுக்காகப் போட்டே. ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் போட்டிருக்கோம். உன்னை எந்த வாயால நான் ஏசறது?" மூக்கைத் துணியில் சிந்தினாள். "உங்கம்மா பேர் என்ன?"

"கமிலா."

"மாமா, பாக்கை எடுங்க."

பங்க்ராஸ் பெரியவர் எடுத்துக் கொடுத்தார். வழக்கப்படி தியோனிலா தன் தாயின் பெயரைச் சொல்லி, இவள் இன்னாருடைய மகள் என்று அறிவிக்க வேண்டும். தியோனிலா பாக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இவ எங்கம்மா லூசியாவோட இளைய மக. நான் செப்பிக் ஆத்தங்கரை கமிலாவோட மூத்த மக."

"ஏய், அப்படிச் சொல்ற வழக்கம் கிடையாதே!" என்றார் பெரியவர் பதறிப்போய்.

"தங்கச்சிக்கு அம்மான்னா எனக்கும் அம்மாதானே மாமா? நாடு ரெண்டாகட்டும், மூணாகட்டும். அவளுக்கு இன்னும் பூ வைக்கலையாம், மூத்தவ நான் இருந்தும்! அடுத்த கப்பல்ல நாங்க ரெண்டு பேரும் போறோம். பாஸ்போர்ட்டு கேட்டா கேக்கட்டும், காட்டிட்டுப் போவோம்." பாதிப் பாக்கை லுட்வினாவின் கையில் திணித்தாள். "மெல்லுடி. காலையிலேருந்து பட்டினி வேற கிடக்கறே."

லுட்வினா மென்றாள். அழுதுகொண்டே மென்றதில் சுண்ணாம்பு நாக்கைச் சுட்டது. இரண்டு பேரும் சேர்ந்து துப்பியபோது தரையில் விழுந்தது நல்ல ரத்தச் சிவப்பாக இருந்தது. எல்லோரும் குனிந்து அதைப் பார்த்தார்கள்.

பொனிஃபாஸ்தான் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான்.

"அப்போ ஒருத்தி கிடைச்சாச்சு. மிச்சம் மூவாயிரத்து நாப்பத்து ரெண்டு" என்றான். "அண்ணி, நான் வாக்குக் குடுத்துட்டேன், லாரியில அராவா ஊர்வலம் உண்டு. கட்டமாட்டேன், முன் சீட்டுல உக்காந்துக்கங்க."

ஊர் சிரித்த சிரிப்பில் சின்னப்பிள்ளை மிரண்டுபோய் அழ ஆரம்பித்தது. தியோனிலா எட்டி அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அழாதே கண்ணு, வா, பெரிய ஆத்தா உனக்கு உன் நிலத்தைக் காட்டறேன்" என்று ஆற்றுப் பக்கம் நடந்தாள்.